சண்டைக்கு விரித்த துணி

எங்கள் வீட்டில் சண்டை பிடிப்பதற்கென்றே ஒரு படுக்கை விரிப்பு இருந்தது. நீலக் கோடு போட்டது. ஒரு மூலையில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு இருக்கும். விருந்தாளிகள் வந்து விரிக்கத் துணி போதாமல் போன நாளிலும் அதை நான் அலுமாரியில் இருந்து எடுத்ததில்லை. தந்தவர் அப்படிச் சொல்லித்தான் தந்தார். "பிள்ளை, இதில ஒருத்தரும் படுக்கக் கூடாது. படுத்தால் பிறகு இதில நிண்டு சண்டை பிடிக்க மனம் வராது" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

தந்தவர் எங்கள் பக்கத்து வீட்டுச் சர்வேயர். அவருக்குப் பெயர் இருந்தது, ஆனால் ஆக்லாந்தில் இருந்த எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் அவர் சர்வேயர்தான். எண்பதுகளின் நடுவில் நாங்கள் இங்கே வந்து ஏவன்டேலில் ரயில் பாதையோரம் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அந்தத் தெருவில் எங்களைத் தவிர இருந்த தமிழ்க் குடும்பம் அவர்களுடையது மட்டும்தான். ஊரில் அரசாங்க நில அளவைத் திணைக்களத்தில் வேலை பார்த்தவர், இங்கே ஒரு கம்பனியில் அதே வேலை. யாழ்ப்பாணத்தில் சர்வேயராக இருப்பது லேசுப்பட்ட காரியம் அல்ல. வேலிக்கு நடுகிற தடியைக் கதியால் என்போம். அந்தக் கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டதற்காக ஆயுள் முழுக்க முகம் பார்க்காத அயலவர்கள் அங்கே எத்தனையோ பேர். அப்படிப்பட்டவர்களின் நடுவில் அளவுச் சங்கிலியோடு நின்று தலை நரைத்தவர் அவர்.

மெலிந்த மனிதர். கழுத்துப் பொத்தான் வரை போட்ட சேர்ட், அதற்கு மேல் கையில்லாத கம்பளிச் சட்டை, வெயில் காலத்திலும். இடது கைச் சுண்டுவிரல் மடங்காது. தேநீர்க் கோப்பையை இடது கையால் பிடித்தால் அந்த விரல் மட்டும் விறைப்பாக வெளியே நிற்கும். முதல் தடவை பார்த்தபோது, வந்த கையோடு வெள்ளைக்காரன் மாதிரித் தேத்தண்ணி குடிக்கப் பழகிவிட்டார், பெரிய ஸ்டைல்தான் என்று மனதுக்குள் நக்கல் அடித்தேன். காரணம் தெரிந்த பிறகு அந்த விரலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கும்.

முதன்முதலாக அவர் அந்த விரிப்போடு எங்கள் வீட்டுக்குள் வந்தது நானும் இவரும் வெலிங்டனுக்காகச் சண்டை பிடித்த நாளில். இவருக்கு, அதாவது என் கணவருக்கு, வெலிங்டனில் ஒரு வேலை கிடைக்கும் போல இருந்தது. எனக்கு அப்போதுதான் ஒரு மருந்துக் கடையில் வேலை கிடைத்திருந்தது. நான் வரமாட்டேன் என்றேன். இவர் சத்தம் போட்டார். நான் அதைவிடச் சத்தம் போட்டேன். மரச்சுவர் வீடு என்பதை இரண்டு பேரும் மறந்துவிட்டோம். கதவு தட்டப்பட்டது. கக்கத்தில் மடித்த விரிப்போடு சர்வேயரும், அவருக்குப் பின்னால் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திச் சிரிப்பை அடக்கிக்கொண்டு அக்காவும் நின்றார்கள். அக்கா என்றால் அவர் மனைவி.

"சண்டையை நிப்பாட்ட வரேல்லை," என்றார் அவர். "நல்லாப் பிடியுங்கோ. ஆனால் இதில நிண்டு பிடியுங்கோ."

வரவேற்பறையில் கதிரைகளைத் தள்ளிவிட்டு விரிப்பை விரித்தார். மூலைக்கு ஒரு செருப்பாக வைத்தார். பிறகு விதிகளைச் சொன்னார். அந்தக் காலத்துக் கடல் கொள்ளைக்காரரான வைக்கிங் ஆட்கள் தீராத பிணக்கு வந்தால் ஒரு சின்னத் தீவுக்குப் போய்விடுவார்களாம். அதற்குப் பேரே தீவுக்குப் போவதுதானாம். நிலத்தில் ஒரு போர்வையை விரித்து, மூலைகளில் முளை அடித்து, சுற்றிவரத் தடி நட்டு எல்லை போட்டு, அதற்குள் நின்றுதான் வெட்டிக்கொள்வார்களாம். கண்டபடி வெட்ட முடியாது. ஒரு வெட்டு இவனுக்கு, அடுத்த வெட்டு அவனுக்கு. சண்டைக்கு அழைக்கப்பட்டவனுக்குத்தான் முதல் வெட்டு. ஆளுக்கு மூன்று கேடயம். மூன்றும் உடைந்தால் பிறகு கேடயம் இல்லை. கேடயத்தைப் பிடிப்பதற்கென்று ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் ஒரு துணையாள் நிற்பான். இரத்தம் போர்வையில் விழுந்தால் சண்டை முடிந்தது. ஒரு காலை எல்லைக்கு வெளியே வைத்தால் விட்டுக்கொடுத்தான் என்று அர்த்தம். இரண்டு காலையும் வைத்தால் ஓடிவிட்டான்.

"ஓடினவனை ஆயுள் முழுக்க ஊர் பகிடி பண்ணும்," என்று முடித்தார். "வாள் இல்லை, வாய்தான். கேடயம் எண்டால் நீங்கள் சொல்லுற சாட்டு, சாக்குப்போக்கு. மூண்டே மூண்டுதான். கண்ணில தண்ணி வந்தால் அது இரத்தம். பிள்ளைக்கு நான் துணை. தம்பிக்கு இவ துணை."

பைத்தியக்கார விளையாட்டு என்றுதான் நினைத்தேன். ஆனால் முறை வைத்துக் கதைக்கத் தொடங்கினால் கத்த முடியாமல் போகிறது, அதுதான் அதிசயம். என் வெட்டுக்கு இவர் மூன்று கேடயத்தையும் செலவழித்தார். அங்கே வேலை நிரந்தரம் என்றார். கூட்டாளி ஒருவர் அங்கே இருக்கிறார் என்றார். எனக்கும் அங்கே வேலை கிடைக்கும் என்றார். ஒவ்வொன்றையும் நான் உடைத்தேன். நாலாம் தடவை சொல்ல ஒன்றும் இல்லாமல் நின்றவர், தலையைக் குனிந்துகொண்டு, "கிடங்கில பெட்டி அடுக்கி அடுக்கி எனக்கு என்னையே பிடிக்கேல்லை" என்றார். கலியாணம் முடித்த நாளில் இருந்து அந்த மனிதர் என்னிடம் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் ஒரு காலை எடுத்து வெளியே வைத்தேன். வெலிங்டன் போகவில்லை, ஆனால் இவர் அந்தக் கிடங்கு வேலையை விட்டார். அது வேறு கதை.

இவ்வளவு விதி தெரிந்த சர்வேயருக்கு, விதியே இல்லாத சண்டை ஒன்று சொந்தமாக இருந்தது. ஊரில் இருந்த தம்பியோடு கதை கிடையாது. அதை அக்காதான் வேலியில் உடுப்புக் காயப்போட்டபடி எனக்குச் சொன்னார். தகப்பன் போன பிறகு காணியைப் பிரித்தபோது, வெளியாளைக் கூப்பிடாமல் சர்வேயரே அளந்தாராம். வீட்டில் சர்வேயரை வைத்துக்கொண்டு ஏன் வெளியாள் என்ற பெருமை. கிணறு மயிரிழையில் அவர் பக்கம் விழுந்தது. அண்ணன் சங்கிலியை இழுத்துப் பிடித்துவிட்டார் என்றான் தம்பி. அளவு சரி என்றார் சர்வேயர். வாய்ப்பேச்சு முற்றியபோது தம்பி, நட்ட கதியாலைப் பிடுங்கி ஓங்கிவிட்டான். தலையில் விழ இருந்ததை அண்ணன் வெறுங்கையால் தடுத்தார். அன்றைக்குப் போனது அந்த விரல்.

"அண்டையில இருந்து இவருக்கு ஒரே யோசினைதான்," என்றார் அக்கா. "கையில என்ன இருந்திருந்தால் அந்த அடியைத் தடுத்திருக்கலாம் எண்டு."

வைக்கிங் பைத்தியம் எப்படித் தொற்றியது என்பது அப்போது எனக்கு விளங்கியது. கம்பனியில் கூட வேலை செய்த ஒரு தாடிக்காரர், ஞாயிற்றுக்கிழமைகளில் தன்னைப் போன்ற ஆட்களோடு பூங்காவில் கூடி, மழுங்கிய வாள்களோடு வைக்கிங் சண்டை பழகுகிறவர். ஒரு நாள் வேடிக்கை பார்க்கச் சர்வேயரையும் கூட்டிப் போயிருக்கிறார். மற்றவர்கள் வாளைத் தூக்கிப் பார்த்தபோது சர்வேயர் கேடயத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாராம்.

நானும் ஒரு முறை போய்ப் பார்த்தேன். சந்தையில் கீரை வாங்கிக்கொண்டு வந்த வழியில், மரக்கறிப் பையோடு புல்லில் நின்றேன். வேலிக் கம்பியைச் சுருட்டி வளையம் வளையமாக வெட்டி, அதைப் பின்னிச் சட்டையாகப் போட்டுக்கொண்டு பெரிய பெரிய ஆட்கள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் எங்கள் சர்வேயர், அதே கம்பளிச் சட்டை, கழுத்தில் விசில். அவர் மத்தியஸ்தர். ஒருவர் கால் எல்லையைத் தாண்டினால் விசில் ஊதி, குனிந்து, காலடியைக் காட்டுவார். அந்த ஆட்களுக்கு அவர்மேல் பெரிய மரியாதை. "உங்கள் ஆள் இல்லாவிட்டால் நாங்கள் சும்மா தடியடி அடிக்கிற கூட்டம்தான்" என்று தாடிக்காரர் என்னிடம் சொன்னார். உங்கள் ஆள் என்றது எனக்கு ஏனோ பிடித்திருந்தது.

வீட்டுப் பின்வளவில் அவர் எனக்கு நடத்திய பாடங்களை நான் கேட்காமலே கேட்டிருக்கிறேன். உடுப்புக் காயப் போடும்போது வேலிக்கு அந்தப் பக்கம் குரல் வரும். குப்பை வாளியின் தகர மூடியைக் கையில் எடுத்துக்கொள்வார். அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் வட்ட மூடி போட்ட தகர வாளிதான்.

"பிள்ளை, இஞ்ச பாரும். கேடயத்தின்ர நடுவில ஓட்டை போட்டு அதுக்கு மேல ஒரு இரும்புக் கிண்ணியைக் கவிட்டிருக்கிறாங்கள். கை அந்தக் கிண்ணிக்குள்ள. விரல் அஞ்சும் பத்திரம்." மூடியின் கைபிடியைப் பிடித்தபடி என் முகத்தைப் பார்ப்பார். சுண்டுவிரல் மட்டும் மூடிக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

இன்னொரு நாள் மரத்தைப் பற்றி. கேடயம் பலமான மரத்தில்தான் செய்திருப்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன். இல்லையாம். முள்முருக்கு மாதிரி இளகின, பாரமில்லாத மரம்தானாம். "வைரமான மரம் எண்டால் தூக்கிக்கொண்டு நிக்க ஏலாது. இளகின மரத்தில வெட்டினால் வாள் கடிபட்டுக்கொண்டு நிக்கும். அப்ப கேடயத்தை ஒரு திருப்புத் திருப்பினால் வாள் அவன்ர கையை விட்டுப் போயிடும். அதாலதான் அது சீக்கிரம் உடையும், அதாலதான் மூண்டு." உடைவதற்காகவே செய்த பொருள் என்பதை அவர் ரசித்துச் சொன்னார். வாள் பணக்காரன் கையில்தான் இருக்குமாம். சாதாரண ஆள் கையில் ஈட்டி. "எங்கட முருகன் கையில இருக்கிறதும் அதுதானே" என்று சுவாமிப் படத்தட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஒட்டுப்பலகைக் கேடயத்தை மாட்டி வைத்தார். அக்கா அதற்கும் சேர்த்துத் திருநீறு வைத்தார், கோபத்தில்தான்.

கோடாலிதான் அவருக்குப் பிடித்த பாடம். வெட்ட மட்டும் இல்லையாம் அது. கோடாலியின் கீழ்ப்பக்கத் தாடையை எதிரியின் கேடய விளிம்பில் கொழுவி ஒருவன் கீழே இழுப்பானாம். திறந்த இடத்தில் பக்கத்தில் நிற்கிறவன் ஈட்டியால் குத்துவானாம். "இழுக்கிறவன் குத்த மாட்டான். குத்துறவன் இழுக்க மாட்டான். எங்கட ஆக்கள் ஒராளைப் பற்றிக் கதைக்கிற மாதிரித்தான்" என்றார். அதைச் சொன்னபோது நான் அப்படிப்பட்ட ஒரு கதையைச் சொல்ல வாயெடுத்திருந்தேன். விழுங்கிவிட்டேன்.

அவருடைய விதிப் பைத்தியத்தால் எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நினைக்க வேண்டாம். என் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் மாறுவேடம். இவர் ஐஸ்கிரீம் பெட்டியைக் கவிழ்த்து, கடதாசி மட்டையில் இரண்டு கொம்பு ஒட்டி, வைக்கிங் தலைக்கவசம் செய்தார். சர்வேயர் வந்து பார்த்தார், முகம் சுருங்கியது. வைக்கிங் ஆட்கள் கொம்பு வைக்கவே இல்லையாம். "கொம்பு இருந்தால் சறுக்கிப் போற வெட்டு அதில மாட்டித் தலையைத் திருப்பும், தம்பி. ஆராவது வைப்பானோ?" என்று பேசிக்கொண்டே ஒரு கொம்பைக் கழற்றிவிட்டார். மகள் வீரிட்டாள். "ஹீ ப்ரோக் மை ஹார்ன்!" என்று அழுதவளைப் பார்த்து அவர் பயந்துபோய் மற்றக் கொம்பைத் தொடாமல் ஓடிவிட்டார். மிஞ்சிய கொம்பை நான் நடுவில் ஒட்டி அனுப்பினேன். ஒற்றைக் கொம்புக் குதிரை என்று பரிசு கொடுத்தார்கள்.

பொங்கல் விழாவில் நடந்தது இன்னும் மோசம். யாருடைய பிள்ளையின் நடனம் முதலில் என்று இரண்டு தாய்மார் மண்டப வாசலிலேயே பிடுங்குப்பட்டார்கள். சர்வேயர் காரில் இருந்து விரிப்பைக் கொண்டுவந்து மண்டபத்தின் நடுவில் விரித்தார். விதிகளைச் சொல்லத் தொண்டையைச் செருமினார். அதற்குள், நிலத்தில் துணியைக் கண்டால் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்களோ அதையே செய்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். மதுரைப் பக்கத்து அம்மா ஒருவர், "பாய் இல்லீங்களா சார்? பரவால்ல, இதுலயே உக்காந்துக்குறோம். பொங்கலைக் கொண்டாரச் சொல்லுங்க" என்றார். சண்டை பிடித்த தாய்மாரும் தட்டோடு பக்கத்தில் பக்கத்தில் இருந்துவிட்டார்கள். நாலு பக்கமும் ஆட்கள் சாப்பிட, நடுவில் நின்ற சர்வேயர், சண்டைத் துணியில் பருப்பு சிந்துவதைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நானும் அக்காவும் குசினிக்குள் போய்ச் சிரித்தோம்.

அந்த விழாவில் மண்டபத்தின் மற்றக் கோடியில் ஒருவர் சாப்பிடாமல் நின்றார். சர்வேயரின் அதே நெற்றி, அதே மெலிவு. தம்பிதான். ஊரில் நிலைமை மோசமாகி, பிளாக்ஹவுஸ் பேயில் இருந்த மகனிடம் மனைவி, மகளோடு வந்து சேர்ந்திருந்தார். ஒரே ஊரில், காரில் பத்து நிமிடத் தூரத்தில் அண்ணனும் தம்பியும். பொங்கல், தீபாவளி, ஒரு பிறந்தநாள் என்று கூடுகிற இடமெல்லாம் ஒருவர் வாசலுக்கு வந்தால் மற்றவர் பின்கதவால் போவார். நாங்கள் கொஞ்சப் பேர்தான், அதனால் எல்லோருக்கும் அது தெரிந்தது.

பிறகு தம்பியின் மகளுக்குக் கலியாணம் சரிவந்தது. எங்களில் அதற்கு ஒரு முறை இருக்கிறது. தகப்பன் நேரில் வந்து தட்டம் வைத்துப் பெரியப்பன் வீட்டுக்குச் சொல்ல வேண்டும். தபாலில் போட முடியாது, மகனை அனுப்ப முடியாது. சனிக்கிழமை பின்னேரம் வருகிறார் என்று சொல்லி அனுப்பினார்கள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதை விட்டால் இனி ஒராளின்ர செத்தவீட்டிலதான் மற்றவர் முகம் பாப்பார், பிள்ளை. நீங்கள் ரெண்டு பேரும் கட்டாயம் நில்லுங்கோ" என்றார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

சர்வேயருக்கோ இதுவும் விரிப்பில் நின்றுதான் தீர வேண்டும். அந்தக் கிழமை ஏழு நாளும் என்னை வைத்துப் பழகினார். விதிப்படி சண்டைக்கு அழைக்கிறவர் சர்வேயர், ஆகவே முதல் வெட்டு தம்பிக்கு. அதைத் தாங்க மூன்று கேடயம் தயாராக வைத்திருந்தார். ஒன்று, சங்கிலி திணைக்களத்தில் சரிபார்த்த சங்கிலி. இரண்டு, கதியால் நட்ட இடம் தகப்பன் உயிரோடு இருக்கும்போதே காட்டிய இடம். மூன்று, அன்றைக்குச் சங்கிலியின் மற்ற நுனியைப் பிடித்தவன் தம்பியேதான்.

"எல்லாம் கேடயமாக் கிடக்கு. உங்கட வெட்டு எங்கை, அண்ணை?" என்று கேட்டேன்.

"முதல் வெட்டு அவனுக்கு. அது முடியட்டும். பிறகு பாப்பம்," என்றார். அதைப் பற்றி அவர் யோசிக்கவே இல்லை என்று எனக்குப் பட்டது.

சனிக்கிழமை பின்வளவுப் புல்லில் விரிப்பு விரிக்கப்பட்டது. இந்த முறை செருப்பு இல்லை. கம்பனியில் இருந்து கொண்டுவந்த மர முளைகளை மூலைக்கு ஒன்றாக அடித்திருந்தார். மூலைகள் சரியாக இருக்கின்றனவா என்று நூல் பிடித்துப் பார்த்தார். அவருக்கு நான் துணையாள், கையில் குப்பை வாளி மூடி. தம்பிக்கு என் கணவர் துணையாள், சுவாமி அறையில் இருந்து எடுத்த ஒட்டுப்பலகைக் கேடயத்தோடு. கலியாணம் சொல்ல வருகிற மனிதரை வரவேற்கிற கோலமா இது என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

தம்பி பக்கத்து வழியால் பின்வளவுக்கு வந்தார். கையில் தட்டம். வெற்றிலை கிடைக்காத ஊர் என்பதால் ஆப்பிளும் குங்குமமும் வைத்திருந்தார். முளைகளையும் துணியையும் எங்கள் இரண்டு பேரின் கோலத்தையும் பார்த்துவிட்டு, "என்ன அண்ணி, கூடாரம் அடிக்கிறியளோ?" என்று அக்காவிடம் கேட்டார்.

சர்வேயர் தம்பியைப் பார்க்காமல் என் கணவரைப் பார்த்தார். "தம்பி, அவருக்கு விதியைச் சொல்லும்."

இரண்டு எட்டுத் தூரத்தில் நின்ற அண்ணனின் விதிகளை, தம்பிக்கு இவர் எடுத்துச் சொன்னார். முறை வைத்து வெட்டு. மூன்று கேடயம். ஒரு கால் வைத்தால் இது, இரண்டு கால் வைத்தால் அது. தம்பி இடைமறிக்காமல் கேட்டார். பிறகு தட்டத்தை அக்காவிடம் கொடுத்துவிட்டு, சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்து, துணியில் ஏறி நின்றார். சர்வேயரும் ஏறினார். நான் மூடியை அவர் நெஞ்சுக்கு நேரே பிடித்தேன்.

"முதல் வெட்டு உங்களுக்கு," என்றார் என் கணவர்.

தம்பி அண்ணனின் இடது கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். "என்ர வெட்டு முடிஞ்சுது எண்டு அண்ணையிட்டைச் சொல்லுங்கோ," என்றார். "அதை நான் அண்டைக்கே வெட்டிப்போட்டன். இனி அவரின்ர முறை."

ஒருவரும் இதை எதிர்பார்க்கவில்லை. நான் மூடிக்குப் பக்கத்தால் சர்வேயரின் முகத்தைப் பார்த்தேன். மூன்று கேடயத்தோடு வந்தவருக்குத் தடுக்க ஒன்றும் வரவில்லை. முறை அவருடையது, விதிப்படி அவர் வெட்டியே ஆக வேண்டும். இத்தனை வருடம் அடியைத் தடுப்பதையே யோசித்த மனிதரிடம் திருப்பி அடிக்க ஒன்றுமே இருக்கவில்லை.

கடைசியில், "கிணத்தில தண்ணி இருக்கோ எண்டு கேளும், பிள்ளை," என்றார் என்னிடம்.

நான் கேட்குமுன்னே தம்பி சொன்னார். "கிணறு இல்லை, அண்ணை. ஷெல் விழுந்து மண் மூடித் தூந்துபோச்சு."

"வேலி?"

"அதுவும் இல்லை. எல்லாம் ஒரே வெளி. எங்கடை எது, மற்றவையின்ர எது எண்டே தெரியாது." தம்பி கண்ணைத் துடைத்தார். "நீங்கள் வந்து அளந்தால்தான் தெரியும்."

சர்வேயர் வலது காலைத் தூக்கித் துணிக்கு வெளியே புல்லில் வைத்தார். அக்கா மூச்சை உள்ளே இழுத்தது எனக்குக் கேட்டது. விட்டுக்கொடுத்துவிட்டார் என்று நினைத்தோம். அவர் இடது காலையும் எடுத்து வெளியே வைத்தார்.

"நான் ஓடிட்டன், தம்பி," என்றார் என் கணவரிடம். "விதிப்படி நான் ஓடிட்டன். எல்லாருக்கும் சொல்லும்." சொல்லிவிட்டு விறுவிறுவென்று குசினிக்குள் போனார்.

தம்பி துணியில் தனியாக நின்றார். இறங்கலாமா கூடாதா என்று தெரியாமல் என் கணவரைப் பார்த்தார். இவருக்கும் தெரியவில்லை. கேத்தலில் தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு குசினி யன்னலால் குரல் வந்தது.

"டேய், சீனி போடுறனியோ, விட்டிட்டியோ?"

"விட்டிட்டன், அண்ணை," என்றார் தம்பி. சப்பாத்தைக்கூடப் போடாமல் உள்ளே போனார்.

நான் மூடியைப் பிடித்தபடியே நின்றேன். எனக்கு முன்னால் யாரும் இல்லை. யன்னலால் சர்வேயர் என்னைக் கண்டார். "பிள்ளை, இன்னும் ஆரைக் காக்கிறீர்? மூடியை வாளியில போடும். அந்தத் துணியை நீரே வைச்சிரும், உங்களுக்குத் தேவைப்படும்," என்றார்.

முளைகளைப் பிடுங்கி, துணியை உதறி மடித்தேன். உள்ளே கேத்தல் கூவியது, ஒருவரும் அதை இறக்கவில்லை. அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில் கதைத்துக்கொண்டிருந்தார்கள், யார் முறை என்று பார்க்காமல்.